வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள், பிளானிலும் பணம் குறைந்துவிட்டது: என்.டி.ஐ.எஸ். வெட்டு பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

மேற்கு சிட்னியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஆறு வயது மகனுக்கு ஆட்டிசம், லெவல் 2 (கணிசமான உதவி தேவைப்படும் நிலை). அன்றாடச் செயல்களைப் பழக்க வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், இனிமேல் சென்டருக்குத்தான் கூட்டிவர வேண்டும் என்கிறார். ஆஸ்திரேலியாவின் தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டமான என்.டி.ஐ.எஸ்.இல் புதிதாக வந்த பிளானில், அதாவது மகனுக்கான நிதி ஒதுக்கீட்டில், தெரபிக்கான தொகையும் குறைந்திருக்கிறது. "அரசாங்கம் வெட்டிவிட்டதா, சென்டர் மூடிவிடுவார்களா, நாங்கள் என்ன செய்வது?" என்பது உங்கள் கேள்வி. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் ஒரே காரணம் என்று நினைத்துவிட்டீர்கள். உண்மையில் இவை வெவ்வேறு இடத்தில் எடுக்கப்பட்ட வெவ்வேறு முடிவுகள். ஒன்று தெரபிஸ்டின் கட்டணத்தைப் பற்றியது, இன்னொன்று உங்கள் மகனின் பிளானைப் பற்றியது. மூன்றாவதாக, மகன் திட்டத்தில் தொடரலாமா என்று பார்க்கும் தகுதி மறுபரிசீலனை என்று ஒன்றும் இருக்கிறது. அது இன்னும் உங்களிடம் வரவில்லை, வரலாம். எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துவிட்டால்தான் யாரிடம் என்ன கேட்பது என்பது தெரியும். தெரபி தரும் பக்கத்தில் வேலை செய்யும் ஒருவர் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளுங்கள், சட்ட ஆலோசனையாக வேண்டாம்.

முதலில் ஒரு வார்த்தை. மொத்தச் செலவைப் பார்த்தால் "வெட்டு" என்று சொல்ல முடியாது. 2013 ஜூலையில் சோதனை முறையில் தொடங்கிய இந்தத் திட்டத்தின் செலவு 2024-25 நிதியாண்டில் சுமார் 46 பில்லியன் டாலர். 2017இல் மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான உற்பத்தித்திறன் ஆணையம் எதிர்பார்த்தது 4.75 லட்சம் பங்கேற்பாளர்களை. 2025இல் 7 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆறு வயதுக் குழந்தைகளில் பத்தில் ஒருவர் இதில் இருக்கிறார். 2023 ஏப்ரலில் பிரதமரும் மாநில முதல்வர்களும் கூடி, ஆண்டு வளர்ச்சியை 2026 ஜூலைக்குள் 8 சதவீதத்துக்குள் கொண்டுவருவது என்று முடிவெடுத்தார்கள். அதற்கும் கீழே போக வேண்டும் என்று திட்டத்துக்குப் பொறுப்பான அமைச்சர் மார்க் பட்லர் பின்னர் சொன்னார். ஆகவே குறைக்கப்படுவது வளரும் வேகம். அந்த வேகத்தைக் குறைக்கப் போடும் பிரேக் எந்த வீட்டில் போய் இடிக்கிறது என்பதுதான் உங்கள் பிரச்சினை.

வீட்டுக்கு வராமல் போனதற்குப் பெரும்பாலும் காரணம் 2025 ஜூலை 1 முதல் வந்த கட்டண மாற்றம். தெரபிக்கு ஒரு மணிக்கு இவ்வளவுக்கு மேல் வாங்கக் கூடாது என்ற உச்சவரம்பை திட்டத்தை நடத்தும் என்.டி.ஐ.ஏ. என்ற அரசு ஏஜென்சி ஆண்டுதோறும் அறிவிக்கும். ஆக்குபேஷனல் தெரபிக்கும் ஸ்பீச் தெரபிக்கும் அது 193.99 டாலர். 2019இலிருந்து அதே 193.99தான், இடையில் விலைவாசி 20 சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. 2025இல் அவற்றைத் தொடவில்லை. பிசியோதெரபியை 193.99இலிருந்து 183.99 ஆக இறக்கினார்கள். மேற்கு ஆஸ்திரேலியா, தெற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா, வட பிரதேசம் ஆகியவற்றில் பிசியோவுக்கு முன்பு 224.62 இருந்தது, அங்கும் 183.99தான் என்று ஆக்கிவிட்டார்கள். ஒரே நாளில் மணிக்கு 40 டாலர் போயிற்று. பாதநல மருத்துவருக்கும் டயட்டீஷியனுக்கும் 188.99. சைக்காலஜிஸ்டுக்கு நாடு முழுக்க 232.99 என்று ஒரே கட்டணம் வந்தது. கிழக்கு மாநிலங்களில் அது ஏற்றம். இவை எல்லாவற்றையும்விடப் பலத்த அடி பயண நேரத்தில் விழுந்தது. நகரப் பகுதியில் ஒரு வருகைக்கு 30 நிமிடம் வரை பயண நேரத்துக்கு முழுக் கட்டணம் வாங்கலாம் என்றிருந்தது, பாதிதான் என்று ஆயிற்று.

இதைக் கணக்காகப் போட்டால் உங்கள் தெரபிஸ்டின் முடிவு புரியும். அரை மணி கார் ஓட்டி வந்து ஒரு மணி தெரபி செய்தால் முன்பு 290.99 டாலர். இப்போது 242.49. நாளுக்கு ஐந்து வீடு போகிறவருக்கு ஒரு நாளில் சுமார் 242 டாலர் குறைகிறது. பிசியோவுக்குக் கட்டணமும் சேர்ந்து இறங்கியதால் ஒரு வருகைக்கு 61 டாலர், ஐந்து வீட்டுக்கு 305. "மணிக்கு 194 டாலர் வாங்குகிறார்களே" என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அது சம்பளம் இல்லை. 7.6 மணி நேர வேலை நாளில் 5 அல்லது 6 மணிக்குத்தான் பில் போட முடியும். மிச்சம் குறிப்பெழுதுவது, பள்ளிக்குப் போன் செய்வது, புதிதாகச் சேர்ந்தவருக்கு மேற்பார்வை, வராமல்போன குழந்தைகள். பில் போட்டதிலிருந்து சம்பளம், 12 சதவீத சூப்பர் (ஓய்வூதிய நிதிப் பங்களிப்பு), விடுமுறைச் சம்பளம், காப்பீடு, வாடகை, மென்பொருள், பதிவுபெற்ற நிறுவனமாக இருந்தால் ஆடிட் செலவு எல்லாம் போக வேண்டும். சென்டரில் இருந்துகொண்டே பார்த்தால் அதே நாளில் ஆறு குழந்தைகளைப் பார்க்கலாம், கார் தேவையில்லை. வீட்டுக்கு வருவதை முதலில் வெட்டுவது இதனால்தான்.

ஏஜென்சியின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். தனியார் காப்பீட்டிலும் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரிலும் நடக்கும் கட்டணங்களோடு ஒப்பிட்டால் என்.டி.ஐ.எஸ். அதிகம் தருகிறது, அந்த மிகைச் செலவு பங்கேற்பாளரின் பிளானைத்தான் கரைக்கிறது என்கிறார்கள். தொழில்முறைச் சங்கங்களின் பதில்: முதுகுவலிக்கு கிளினிக்கில் 20 நிமிடம் பார்ப்பதையும், பேசாத ஒரு குழந்தையோடு வீட்டில் ஒரு மணி நேரம் வேலை செய்வதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. என் கருத்து, பிசியோவின் மணிக்கட்டணம் பற்றிய விவாதத்தில் இரு பக்கமும் ஓரளவு நியாயம் இருக்கிறது. பயண நேரத்தைப் பாதியாக்கியதில் இல்லை. வீட்டிலும் பள்ளியிலும் போய்த் தெரபி தர வேண்டும் என்பது குழந்தைகளுக்கான தெரபியில் இத்தனை ஆண்டுகளாக எல்லோரும் ஒப்புக்கொண்ட அடிப்படை. அதைச் செய்கிறவரைத்தான் இது தண்டிக்கிறது.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கட்டணம் குறைந்ததால் உங்கள் பிளானில் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. சொல்லப்போனால் காகிதத்தில் உங்களுக்கு லாபம். தெரபிக்கு 40 மணி, அதாவது 7,759.60 டாலர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பீடும் அறிக்கையும் 8 மணியை எடுத்துக்கொண்டால் மிச்சம் 6,207.68. பழைய பயணக் கட்டணத்தில் அந்தப் பணத்துக்கு 21 முறை வீட்டுக்கு வரலாம். புதிய கட்டணத்தில் 25 முறை. வருவதற்கு ஆள் இருந்தால் நான்கு வருகை கூடுதல். ஆள் வராததுதான் வெட்டு. ஆகவே இந்தப் பகுதிக்கு ஏஜென்சியிடம் மனுப் போட்டுப் பயனில்லை. பேச வேண்டியது தெரபிஸ்டிடம்.

அவரிடம் "ஏன் வரமாட்டேன் என்கிறீர்கள்" என்று கேட்பதைவிட, எந்த நிபந்தனையில் வர முடியும் என்று கேளுங்கள். உங்கள் சபர்பிலும் பக்கத்திலும் அவருக்கு வேறு குழந்தைகள் இருந்தால் ஒரே நாளில் வரிசையாக வைத்துக்கொள்ளலாம். பயண நேரத்தை அந்தக் குடும்பங்களுக்கிடையே முன்கூட்டிச் சம்மதம் வாங்கிப் பிரித்து பில் போட விதி இடம் தருகிறது. டூங்காபி, வென்ட்வொர்த்வில், பென்டில் ஹில் பக்கம் நம் ஆட்களே எத்தனை குடும்பம் ஒரே சென்டருக்குப் போகிறோம்! நான்கு பேர் சேர்ந்து "செவ்வாய்க்கிழமை எங்கள் பக்கம்" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பள்ளியில் வைத்துப் பார்ப்பதற்கும் இதே வழி. அதுவும் முடியாவிட்டால் மாதம் ஒருமுறை வீட்டில், மற்றவை சென்டரில் என்று கலந்து கேளுங்கள். குளிப்பது, உடுத்துவது, சாப்பாட்டு நேரத் தகராறு, தூக்கம் இவை இலக்காக இருந்தால் அந்த ஒரு வருகை உங்கள் குளியலறையையும் சாப்பாட்டு மேசையையும் பார்க்கவே வேண்டும். சென்டர் அறையில் கற்ற திறமையை இந்தக் குழந்தைகள் வீட்டுக்கு எடுத்துவருவது அரிது; இடம் மாறினால் பாடமே புதிதாகிவிடும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள், சக்கர நாற்காலிக்கோ வீட்டு மாற்றத்துக்கோ அளவெடுக்க வேண்டியவர்கள் விஷயத்தில் வீட்டுக்கு வராமல் செய்த மதிப்பீட்டை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அங்கே தவறினால் நெஞ்சில் சளித் தொற்று, படுக்கைப் புண் என்று மருத்துவமனையில் போய் முடியும்.

இன்னொரு எச்சரிக்கை. "என்.டி.ஐ.எஸ். தருவது போதவில்லை, ஒரு வருகைக்கு 50 டாலர் நீங்கள் கையிலிருந்து கொடுங்கள்" என்று சில இடங்களில் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். உங்கள் பிளானை ஏஜென்சியோ, உங்களுக்காக பில்களைச் செலுத்தும் பிளான் மேனேஜரோ நிர்வகித்தால் உச்சவரம்புக்கு மேல் எந்தப் பெயரிலும் வாங்க அனுமதியில்லை. நீங்களே நிர்வகித்தால் மட்டும் உச்சவரம்பு உங்களைக் கட்டாது; கூடக் கொடுக்கலாம், பிளான் அந்த அளவுக்குச் சீக்கிரம் தீரும். ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்துவதைவிட, பிளான் மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இனி பிளானில் தொகை குறைந்த விஷயம். இது ஏஜென்சியின் முடிவு, இதற்குத்தான் மனு. அதற்கு முன் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். 2024 அக்டோபர் 3இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 2025 மே மாதத்திலிருந்து புதிய பிளான்களில் பணத்தை மொத்தமாகத் தருவதில்லை, காலப்பகுதியாகப் பிரித்துத் தருகிறார்கள். பெரும்பாலும் மூன்று மாதம். போர்ட்டலில் தெரியும் தொகை இந்த மூன்று மாதத்துக்கானதாக இருக்கலாம். நான்கால் பெருக்கிப் பார்த்து, பிளான் எத்தனை மாதத்துக்கு என்பதையும் பார்த்து, பழைய பிளானோடு ஆண்டுக்கணக்கில் ஒப்பிடுங்கள். பழையது இரண்டு ஆண்டு பிளானாக இருந்து அந்த மொத்தத்தை நினைவில் வைத்துக்கொண்டு, புதியது பாதியாகிவிட்டது என்று பதறுகிறவர்கள் நிறைய.

இந்தக் காலப்பகுதி முறையில் ஒரு பொறி இருக்கிறது. 7,759.60 டாலரை நான்காகப் பிரித்தால் காலாண்டுக்கு 1,939.90, அதாவது பத்து மணி. பிளான் முடியப்போகும் காலாண்டில் 8 மணி அறிக்கை எழுதச் சொன்னால் அந்தக் காலாண்டு முழுக்கத் தெரபிக்கு இரண்டு மணிதான் மிச்சம். அடுத்த காலாண்டுப் பணத்தை முன்கூட்டி எடுக்க முடியாது. செலவாகாத பணம் அதே பிளானுக்குள் அடுத்த காலப்பகுதிக்கு வரும், அடுத்த பிளானுக்கு வராது. ஆகவே அறிக்கைக்கான மணிகளை முதல் இரண்டு காலாண்டிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடியுங்கள். பள்ளி விடுமுறையில் தெரபியைத் தளர்த்துகிற குடும்பங்களுக்கு இது தானாகவே அமைந்துவிடும். ஒப்பந்தத்தில் அறிக்கைக்கு எத்தனை மணி என்று எழுதி வாங்குங்கள். "தேவைப்படும் அளவு" என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

குறைந்திருப்பது உறுதியானால், முடிவு உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இன்டர்னல் ரிவ்யூ, அதாவது ஏஜென்சிக்குள்ளேயே நடக்கும் மறுஆய்வு, கேட்க வேண்டும். கேட்ட பிறகு ஏஜென்சி முடிவெடுக்க 60 நாள். அதிலும் திருப்தி இல்லையென்றால் 28 நாளுக்குள் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், பழைய மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமான ஏ.ஏ.டி.யின் இடத்தில் 2024 அக்டோபரில் வந்ததுதான் இது, என்.டி.ஐ.எஸ். வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது. இங்கே அடிக்கடி தவறுவது முதல் படியில். போனில் "பணம் போதவில்லை, பிளானை மாற்றுங்கள்" என்று சொன்னால், சூழ்நிலை மாற்றம் என்று பதிந்துவிடுவார்கள். அது முடிவு தவறு என்று சொல்வதாகாது, மகனின் நிலை மாறிவிட்டது என்று சொல்வதாகிவிடும். அதற்கிடையில் மூன்று மாதம் ஓடிவிடும். எழுத்தில், இன்டர்னல் ரிவ்யூ என்ற சொல்லையே போட்டு, முடிவின் தேதியைக் குறிப்பிட்டு அனுப்பி, பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். முடிவுக்கான காரணங்களை எழுத்தில் தரச் சொல்லும் உரிமையும் உண்டு. பல நேரம் அந்தக் காரணத்தைப் பார்த்த பிறகுதான் எந்த ஆதாரம் குறைந்தது என்பது தெரியும். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: மறுஆய்வில் பிளான் முழுவதும் மேசைக்கு வரும், கூடுவதற்குப் பதில் குறையவும் வாய்ப்பிருக்கிறது. தொகையில் சிறு வித்தியாசம்தான் என்றால் யோசித்துச் செய்யுங்கள். இலவசமாக உதவ, என்.டி.ஐ.எஸ். மேல்முறையீட்டுக்கென அரசு நிதி பெறும் வழக்குத் துணைவர்கள் இருக்கிறார்கள். தீர்ப்பாயம் வரை போனால் லீகல் எய்டையும் கேட்கலாம்.

மறுஆய்வில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் தெரபிஸ்டின் அறிக்கையில் இருக்கிறது. "வாரம் ஒருமுறை தெரபி இவனுக்குப் பயனளிக்கும்" என்று எழுதிய அறிக்கைக்கு மதிப்பில்லை. எல்லாக் குழந்தைக்கும் பயனளிக்கும். இப்போது என்ன செய்ய முடியவில்லை, எவ்வளவு உதவி தேவைப்படுகிறது, போன ஆண்டு கொடுத்த மணிகளில் என்ன மாறியது, அடுத்த 12 மாதத்தில் எதை எட்டலாம், அதற்கு ஏன் 40 மணி வேண்டும், ஏன் 20 போதாது, குறைத்தால் எது பின்னுக்குப் போகும் என்று வர வேண்டும். அன்றாடச் செயல்திறனை அளக்கும் வைன்லேண்ட் அல்லது பெடி-கேட் போன்ற அளவீட்டின் மதிப்பெண் முன்பும் இப்போதும் இருந்தால் வலு கூடும். "சட்டை பட்டன் போடத் தெரியாது" என்பதைவிட "காலையில் உடுத்த 35 நிமிடம், ஒவ்வொரு படிக்கும் கைபிடித்து உதவி" என்பது பேசும். இந்த விவரத்தை நீங்கள் இரண்டு வாரம் குறித்துவைத்துக் கொடுத்தால் தெரபிஸ்டுக்கு எழுதும் நேரமும் மிச்சம், அந்த நேரம் உங்கள் பணம். பெற்றோர் கடிதம் எழுதும்போது நம் பழக்கத்தில் "மகன் நன்றாக முன்னேறுகிறான், கடவுள் புண்ணியம்" என்று தொடங்கிவிடுகிறோம். முன்னேற்றத்தைச் சொல்லுங்கள், அது எந்த உதவியால் நிற்கிறது என்பதையும் அதே வரியில் சொல்லுங்கள்.

மூன்றாவது, தகுதி. சிறு குழந்தைகள் பலர் ஆரம்பகாலத் தலையீடு என்ற பிரிவில், என்.டி.ஐ.எஸ். சட்டத்தின் 25ஆம் பிரிவின் கீழ் உள்ளே வந்தவர்கள். அந்தத் தகுதி நிரந்தரம் இல்லை. எப்போது வேண்டுமானாலும் மறுபடி பார்க்கலாம், 2024க்குப் பிறகு அப்படிப் பார்ப்பது கூடியிருக்கிறது. கடிதம் வந்தால் பதிலுக்கு எத்தனை நாள் என்பதை முதலில் பாருங்கள், போதாவிட்டால் உடனே அவகாசம் கேளுங்கள். பதில் சொல்லாமல் விடுவதுதான் மிக மோசம். கையில் இருக்கும் தகவலை வைத்தே முடிவு செய்துவிடுவார்கள். 25ஆம் பிரிவில் வெளியே போனாலும் 24ஆம் பிரிவில் தகுதி இருக்கக்கூடும்: குறைபாடு நிரந்தரமாக இருக்க வேண்டும்; அதோடு பேச்சுத்தொடர்பு, பழகுதல், கற்றல், நடமாட்டம், தன்னைக் கவனித்தல், தன்னை நிர்வகித்தல் இவற்றில் ஒன்றிலாவது கணிசமான குறைவு இருக்க வேண்டும். அறிக்கை இந்த ஆறு தலைப்பிலும் பேசுகிறதா என்று நீங்களே விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

2025 ஆகஸ்டில் அறிவித்த த்ரைவிங் கிட்ஸ் பற்றியும் பயந்திருப்பீர்கள். வளர்ச்சித் தாமதமும் ஆட்டிசமும் உள்ள, மிதமான தேவை வரையிலான, ஒன்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை என்.டி.ஐ.எஸ்.க்கு வெளியே வேறொரு சேவைக்குத் திருப்பும் திட்டம். மத்திய அரசு 2 பில்லியன் டாலர் ஒதுக்கியது, மாநிலங்களும் அதே அளவு சேர்க்க வேண்டும். முதலில் 2026 ஜூலையில் தொடக்கம் என்றார்கள்; பிறகு 2026 அக்டோபர் என்றும், முழுமையாக வருவது 2028 ஜனவரி என்றும் தள்ளினார்கள். நிரந்தரமான, கணிசமான குறைபாடு உள்ள குழந்தைகள் என்.டி.ஐ.எஸ்.இலேயே இருப்பார்கள் என்பது அரசு சொன்னது. உங்கள் மகன் எந்தப் பக்கம் என்பதற்கு "லெவல் 2" என்ற ஒற்றை வரி விடையாகாது. அன்றாடச் செயல்பாட்டை வைத்துத்தான் கோடு போடுவார்கள், அந்த நாளுக்கு 24ஆம் பிரிவுக்கான ஆதாரம் கோப்பில் தயாராக இருப்பது நல்லது. இதைக் காரணம் காட்டி இப்போதே பிளானை விட்டுவிடச் சொல்லும் வாட்ஸ்அப் செய்திகளை நம்பாதீர்கள்.

இதற்கிடையில் குறைந்த மணிகளை எப்படி நீட்டுவது? தெரபி அசிஸ்டன்ட் ஒரு வழி. இரண்டாம் நிலை அசிஸ்டன்டுக்கு மணிக்கு 86.79 டாலர்; தெரபிஸ்டின் ஒரு மணிப் பணத்தில் இரண்டு மணிக்கு மேல் கிடைக்கும். பழகிய ஒரு திறமையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்க அவர் போதும். மதிப்பீடு, விழுங்கும் பிரச்சினை, தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நடத்தை இவற்றுக்கு அவர் சரிவரமாட்டார். தெரபிஸ்ட் எழுதிக்கொடுத்த திட்டம் இல்லாமல் அசிஸ்டன்டை மட்டும் அனுப்பும் இடங்களில் ஆறு மாதத்தில் அது விளையாட்டு நேரமாகிவிடும். ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது தெரபிஸ்ட் நேரில் பார்க்கிறாரா என்று கேளுங்கள். குழு வகுப்பில் கட்டணம் தலைக்குப் பிரியும், மூன்று பேர் என்றால் ஒருவருக்கு 64.66. முறைவைத்து விளையாடுவது போன்றவற்றுக்கு அதுவே தனி வகுப்பைவிட நல்லது. இன்னொன்று, ஆண்டு முழுக்க வாரம் ஒருமணி என்று தேய்ப்பதற்குப் பதிலாக எட்டு அல்லது பத்து வாரம் ஒரே இலக்கில் நெருக்கமாகச் செய்துவிட்டு, அடுத்த பத்து வாரம் நீங்கள் வீட்டில் பழக்குவது. காலப்பகுதி முறையில் ஒரு காலாண்டின் மிச்சத்தை அடுத்ததில் சேர்த்து இதைச் செய்யலாம். எல்லா இலக்கையும் வைத்துக்கொண்டு மணியை மட்டும் பாதியாக்குவதுதான் மிகவும் வீணானது. ஐந்து இலக்கை இரண்டாக்குங்கள்.

"பெற்றோருக்குப் பயிற்சி தருகிறோம், நீங்களே செய்யுங்கள்" என்பது நல்ல யோசனை, ஓர் எல்லை வரை. ஏஜென்சியின் கணக்கில் வராத செலவு அங்கேதான் போய் உட்காருகிறது. சென்டருக்கு மாலை மூன்றரைக்குக் கூட்டிப்போக ஒருவர் வேலையை முன்கூட்டி விட வேண்டும். நம் வீடுகளில் அது பெரும்பாலும் அம்மா. முதலில் வாரம் ஒரு நாள், பிறகு பகுதிநேரம், பிறகு வேலையையே விடுவது. ஊரிலிருந்து மூன்று மாதமோ ஆறு மாதமோ வந்திருக்கும் பாட்டி தாத்தாவை நம்பி ஏற்பாடு செய்துவிட்டு, விசா முடிந்து அவர்கள் போனதும் தவிக்கிற வீடுகள் பல. மறுஆய்வுக் கடிதத்தில் இதை எழுதுங்கள். குடும்பத்திடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது எவ்வளவு என்பதை ஏஜென்சி பார்த்தே ஆக வேண்டும். வேலை நேரம், மற்றக் குழந்தை, உங்கள் உடல்நிலை எல்லாம் அதற்கான ஆதாரம். அரசு நலத்தொகைகளைத் தரும் சென்டர்லிங்கின் கேரர் அலவன்ஸ் (பராமரிப்பவருக்கான உதவித்தொகை) வாங்குகிறீர்களா என்றும் பாருங்கள், என்.டி.ஐ.எஸ்.இல் பணம் வருவதால் அது தடைப்படாது.

வேறு கதவுகள் சிறியவைதான். மெடிகேரில், 25 வயதுக்குள் ஆட்டிசம் கண்டறியப்பட்டவருக்கு ஆயுளில் மொத்தம் 20 தெரபி அமர்வுக்குக் கட்டணத்தின் ஒரு பகுதி கிடைக்கும். குழந்தை மருத்துவர் வழியாகப் போக வேண்டும். ஜி.பி., அதாவது குடும்ப மருத்துவர், போட்டுத்தரும் நாட்பட்ட நோய்த் திட்டத்தில் ஆண்டுக்கு ஐந்து. என்.டி.ஐ.எஸ். பணம் கொடுத்த அதே அமர்வுக்கு இதைக் கேட்கக் கூடாது. பள்ளியில், 2005ஆம் ஆண்டுக் கல்வித் தரநிலைகளின்படி நியாயமான மாற்றங்களைச் செய்து தருவது பள்ளியின் கடமை, அதற்கு உங்கள் பிளானிலிருந்து ஒரு காசும் போகக் கூடாது. வகுப்பில் உட்காருவது, எழுதுவது போன்ற இலக்குகளைப் பள்ளியின் தனிநபர் திட்டத்தில் ஏற்றிவிட்டால் தெரபி மணியை வீட்டுக்கும் பேச்சுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

சென்டர் மூடுமா என்று கேட்டீர்கள். பயணச் சேவையை நிறுத்தியது மட்டும் அதற்கு அறிகுறி இல்லை. பெரும்பாலும் தப்பிப்பிழைக்கச் செய்வது அது. தெரபிஸ்ட் மாதத்துக்கொருவர் மாறுவது, அறிக்கை மாதக்கணக்கில் தாமதமாவது, நடக்காத அமர்வுக்கு பில் வருவது இவற்றைக் கவனியுங்கள். மூடினாலும் மூடாவிட்டாலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பக்கச் சுருக்கம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: தற்போதைய இலக்கு, எந்த முறை வேலை செய்கிறது, எந்த முறை தோற்றது, மதிப்பெண்கள், பேச்சுக் கருவி இருந்தால் அதன் சொல்தொகுப்பின் பிரதி. அது இல்லாமல் புது இடத்துக்குப் போனால் முதல் ஆறேழு மணி மறுபடியும் மதிப்பீட்டிலேயே கரையும். முன்பணம் எங்கும் கட்டாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. வீட்டில் தமிழ் பேசும் குழந்தையை ஆங்கில அட்டவணையை மட்டும் வைத்து அளந்தால் மொழி மதிப்பெண் உண்மையைவிடக் குறைவாக வரும், அல்லது குறைபாட்டை "இரண்டு மொழிக் குழப்பம்" என்று தள்ளிவிடுவார்கள். இரண்டுமே மறுஆய்வில் இடிக்கும். வீட்டு மொழி தமிழ், இரு மொழியிலும் இவ்வளவு சொற்கள் என்று அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். தமிழை நிறுத்தச் சொன்னால் கேட்க வேண்டாம், அது பேச்சை வேகப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் 131 450 என்ற எண்ணில் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையான டி.ஐ.எஸ்.ஐ அழைத்துத் தமிழ் என்று சொல்லுங்கள். ஏஜென்சியோடு பேச அது இலவசம், அந்தச் செலவு பிளானிலிருந்து போகாது. ஆங்கிலம் நன்றாகப் பேசுகிற பெற்றோருக்கும் சொல்கிறேன், மகனைப் பற்றிப் பேசும்போது நா தழுதழுத்து ஆங்கிலம் நின்றுவிடும். அந்த ஒரு மணிக்காவது மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளுங்கள்.